மூன்றாவது பீப்பா

பீப்பாவின் மூடியைத் திறந்ததுமே புளித்த வாடை குப்பென்று றுக்கியாவின் மூக்கில் ஏறியது. மூன்றாவது தடவை! எவனோ நாசமாய்ப் போவான், மறுபடியும் கை வைத்துவிட்டான்.

இளநீரும் சீனிப்பாணியும் காய்ச்சி ஆறவைத்து, பயிர்ப் புழுவைக் கொல்லும் கிருமியை அதில் விட்டு, இறால் பண்ணைக் காற்று மெஷினால் மூன்று நாள் ஊதி வளர்த்தது. ஊத்தைப் பாத்திரம் ஒன்று பட்டால் போதும், வேறு கிருமி புகுந்து அத்தனையும் பாழ். நாளைக்கு ஆலங்குடாத் தோட்டக்காரர் ஆறு பேர் இதை முட்டைக்கோவாவுக்கு அடித்துப் பார்க்க வருகிறார்கள். இந்த முறையும் புழு சாகாவிட்டால் அவளை இனி எவன் நம்புவான்?

பீப்பாவில் ஒரு போத்தல் அளவு குறைந்திருந்தது. பக்கத்தில் கிடந்தது மருந்து அளக்கும் ஜக்கு ஒன்று. அதில் ஸியாத்தின் பூச்சிமருந்துக் கடைப் பெயர்.

'கிருமித் தண்ணி குடிச்சிப் புழு வயித்தாலடிச்சிச் சாகுமாம்' என்று ஊரெல்லாம் நக்கலடித்துத் திரிகிறவன் அவன்தான். றுக்கியா ஜக்கைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

ஜும்ஆ முடிந்த நேரம், கடை நிறையத் தோட்டக்காரர்கள்.

"அல்லாஹ்ட பயமில்லையா ஒனக்கு? போட்டியெண்டா மொகத்துக்கு நேர செய்! களவா வந்து ஏன் என்ட பீப்பாவக் கெடுக்கிற?"

"விசர்க்கதை கதைக்காதீங்க! அந்த ஊத்தத் தண்ணிய நான் தொடுவனா?" என்றான் ஸியாத்.

"அப்ப இந்த ஜக்கு கால் மொளச்சா வந்திச்சி?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஸியாத்தின் முகம் கறுத்தது.

சத்தம் கேட்டு, கடைக்குப் பின்னால் இருந்த வீட்டிலிருந்து அவன் மனைவி ஸபீனா வந்தாள். கையில் வீட்டுத் தோட்டத்தில் பறித்துப் பாதி நறுக்கிய முட்டைக்கோவா, இலையில் புழு அரித்த ஓட்டை ஒன்றுகூட இல்லை.

"கெடுக்கிறதுக்கு எடுக்கல்ல ராத்தா..."

"நீ உள்ளுக்குப் போ!" என்று கத்தினான் ஸியாத்.

அவள் போகவில்லை.

"எங்கட புள்ளைகள் திங்கிற கோவாவுக்கு இந்தக் கடை மருந்த அடிக்க இவருக்குப் பயம்."