பன்னிரண்டாவது வாசல்

"இந்த ஒரு ரூமை மட்டும் திருப்பி வெச்சுடுங்க சார். வாசல் ரோட்டைப் பார்க்கணும்."

சூப்பர்வைசர் அண்ணாந்து பார்த்தார். பன்னிரண்டாவது அறை கிரேனில் தொங்கிக்கொண்டிருந்தது. கட்டில், ஜன்னல், குளியலறை என்று எல்லாவற்றையும் தொழிற்சாலையிலேயே முடித்து, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்த அறைகள். வீடில்லாதவர்களுக்கான விடுதி. பதினொன்று இறங்கிவிட்டன. எல்லா வாசலும் முற்றத்தைப் பார்த்து.

"பிளான்ல அப்படி இல்லையே மேடம்."

"இல்லைதான்," என்றாள் விடுதியை நடத்தப்போகிற பெண்.

"குழாய் வாய் பின்சுவர்ல இருக்கு. திருப்பினா தண்ணி லைனை ரூமைச் சுத்திக் கொண்டுவரணும். அரைநாள் வேலை. கிரேன் நாலு மணிக்குக் கிளம்பிடும்."

மேலேயிருந்து கிரேன்காரன் எட்டிப் பார்த்தான். "அண்ணே, ஒரு வீடு அந்தரத்துல தொங்குது. நீங்க நிதானமா பேசுங்க. நான் ஒரு குட்டித் தூக்கம் போட்டுடறேன்."

அவள் சிரிக்கவில்லை. எதிர்ப்பக்கத்துப் பஸ் நிறுத்தத்தைக் காட்டினாள். பெஞ்சில் தாடி வளர்ந்த ஒரு பெரியவர். மடியில் சிவப்பாக ஒரு குழந்தைக் குடை.

"அவருக்குத்தான் சார் அந்த ரூம். பொண்ணு ஸ்கூல் விட்டு வருவான்னு மூணு வருஷமா அங்கேயே உட்கார்ந்திருக்கார். மழை பெஞ்சாலும் குடையை விரிக்க மாட்டார். அது பொண்ணோடதாம்."

"வீடு, மனுஷங்க யாரும் இல்லையா?"

"இருக்காங்க. பூட்டி வெச்சாலும் எப்படியோ வெளியே வந்துடறார். ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க, அங்கேயிருந்தும் வந்துட்டார். போன மாசம் காய்ச்சல்ல சுருண்டு கிடந்தார். இன்னொரு மழைக்காலத்தை அந்தப் பெஞ்சு தாங்கும், அவர் தாங்க மாட்டார். வாசல்ல இருந்து பஸ் தெரிஞ்சா உள்ளே வருவார்."

"வராத பொண்ணுக்காக அரைநாள் வேலையா?"

கேட்ட பிறகுதான் சூப்பர்வைசர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன் சார்," என்றாள் அவள்.

"அதெல்லாம் வேணாம். நான்தான் கவனிக்காம மாத்தி வெச்சுட்டேன்னு எழுதிக்கறேன். இத்தனை வருஷத்துல ஒரு தப்புகூட இல்லைன்னா ஆபீஸ்ல எவனும் நம்ப மாட்டான்."

கையை உயர்த்திச் சுழற்றிக் காட்டினார். கயிறு பிடித்திருந்தவர்கள் வட்டமாக நடந்தார்கள். அறை காற்றிலேயே மெல்லத் திரும்பி, சாலையைப் பார்த்து இறங்கியது.

கிரேன் போன பிறகு அவள் சாலையைக் கடந்து போனாள். ஏதோ சொன்னாள். பெரியவர் நெடுநேரம் அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வந்தார். படியில் உட்கார்ந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து பார்த்தார். பஸ் நிறுத்தம் முழுதாகத் தெரிந்தது.

"இது போதும்," என்றார். செருப்பைக் கழற்றி உள்ளே வைத்தார்.

தூறல் விழுந்தது. படியருகே அவள் நனைந்தபடி நின்றாள். பெரியவர் அவளைப் பார்த்தார், குடையைப் பார்த்தார். மூன்று வருடமாகத் திறக்காத குடையை விரித்து நீட்டினார்.

"இந்தாம்மா, பிடி. பஸ் வந்ததும் கொடுத்துடணும். பொண்ணு தேடுவா."

குடையோடு வந்தவளிடம் சூப்பர்வைசர் மெதுவாகக் கேட்டார். "பாவம். எந்த பஸ்ல வருமாம் அந்தப் பொண்ணு?"

குடை அவள் தலையை மட்டுந்தான் மறைத்தது.

"ஸ்கூல் படிக்கறப்போ நாலரை பஸ்லதான் சார் வருவேன். நான் இறங்குறதுக்கு முன்னாடியே அப்பா இதை விரிச்சுடுவார்."