ஆட்டத்துக்கு மூணு ரூபா

"காசு வாங்கி ஆடறவனை இறக்கினா நாங்க ஆடமாட்டோங்க!"

கிருஷ்ணகிரி அணித் தலைவன் சவுரியப்பன் கத்திய கத்தலில் தருமபுரி மைதானமே திரும்பிப் பார்த்தது. 1938 பொங்கல் கால்பந்துக் கோப்பை. இறுதிப் போட்டி தொடங்க இன்னும் பத்தே நிமிடம்.

கமிட்டித் தலைவர் ராஜப்பனுக்கு வியர்த்துவிட்டது. பந்து உதைக்கக் காசு வாங்கியவன் என்று தெரிந்தால் பெயரை அடித்துவிடுவார்கள். அப்புறம் ஆயுசுக்கும் எந்த மைதானத்திலும் கால் வைக்க முடியாது. மாட்டியிருப்பதோ மாதேஸ்வரன். நாடகக் கம்பெனி ராஜபார்ட். தருமபுரி அணி நம்பியிருந்ததே அவன் காலைத்தான்.

"சாட்சி இருக்குதா?"

"இருக்குதுங்க. காளியண்ணா, சொல்லுங்க!"

பாப்பாரப்பட்டிக் காளியன் முன்னால் வந்தார். சூதுவாது தெரியாத மனுஷர்.

"போன மாசம் இவரு எங்கூருக்கு ஆட்டத்துக்கு வந்தாருங்க. ஆட்டம் முடிஞ்சதும் மூணு ரூபா வாங்கி மடியில கட்டினாரு. என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

"மாதேஸ்வரா, நெசமா?"

"நெசந்தாங்க." மாதேஸ்வரன் சாவகாசமாக மீசையை முறுக்கினான்.

கூட ஆடும் பத்துப் பேரும் தலையில் கை வைத்துக்கொண்டார்கள்.

"வேஷம் கட்டறவன் காசு வாங்காம, வவுத்துல ஈரத்துணியா கட்டுவான்? நம்ம பக்கம் நாடகத்துக்கு என்னங்க பேரு?" என்றான் மாதேஸ்வரன்.

ராஜப்பன் ஒரு கணம் விழித்தார். அப்புறம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"அட, ஆட்டம்! நாடகம், கூத்து எல்லாமே நமக்கு ஆட்டந்தானே! ஏப்பா சவுரி, நாடகம் பாத்தவரையா சாட்சிக்குக் கூட்டியாந்தே?"

மைதானமே சிரித்தது. காளியன் ஏதோ சொல்ல வாயெடுத்தது யார் காதிலும் விழவில்லை. சவுரியப்பன் முகம் சுண்டிப்போய்த் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு களத்தில் இறங்கினான்.

மாதேஸ்வரன் போட்டான் பாருங்கள், இரண்டு கோல்! கோப்பை தருமபுரிக்கே.

கூட்டம் கலைந்ததும் காளியன் அவனை மறித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"என்னைப் பொய்யனாக்கிட்டீங்களே! அன்னிக்கு எங்கூர்ல நாடகமே நடக்கலையே. நீங்க பந்துதானே ஆடினீங்க?"

மாதேஸ்வரன் சட்டென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மெதுவாப் பேசுங்கண்ணா. நீங்க சொன்னது சத்தியம். கம்பெனியில சம்பளத்தைக் கண்ணால பாத்து எட்டு மாசமாச்சு. நான் ஆசைக்கு ஆடறதுதான் நாடகம். வவுத்துக்கு ஆடறது பந்துங்கண்ணா!"