ஐந்தாவது துணி

பள்ளி விடுவதற்குள் கொஞ்சம் ரத்தம் வேண்டும் என்றார் மனையியல் டீச்சர்.

நாளைக்குச் செய்முறைத் தேர்வு. கறை நீக்குதல். ஐந்து வெள்ளைத் துணிகளில் ஐந்து கறைகள் இருக்க வேண்டும். சீட்டு எடுக்கும் பிள்ளை, தனக்கு வந்த கறையைத் தேர்வாளர் முன்னால் போக்கிக் காட்ட வேண்டும்.

டீக்கறை ஆசிரியர் அறையில் கிடைத்தது. மை அலுவலகத்தில். துருவுக்கு கேட்டின் கீல். எண்ணெய்க்குத் தையல் மெஷின்.

ஐந்தாவது துணி மட்டும் வருடா வருடம் விளையாட்டு டீச்சரிடமிருந்து வரும். மைதானத்தில் விழுந்த பிள்ளையின் முட்டியைக் கழுவி, துணியை ஒரு நிமிடம் வைத்து எடுப்பார். போன வருடம் மூன்று துணிகள் வந்தன. எது நல்ல கறை என்று பொறுக்கி எடுத்தோம்.

“சிவப்பு மை விட்டுடலாமா டீச்சர்?” என்று கேட்டேன்.

“தேர்வாளர் மோந்து பார்ப்பாங்க ஆயாம்மா.”

விரலைக் குத்திக்கொள்ளவும் வழியில்லை. எனக்குச் சர்க்கரை, புண் ஆறாது. மனையியல் டீச்சருக்கு ஊசியைப் பார்த்தாலே தலை சுற்றும்.

துணியோடு இறங்கும்போது தலைமையாசிரியை கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார். விளையாட்டு டீச்சரிடம் கையெழுத்து வாங்கி வர வேண்டும். அதுவும் பள்ளி விடுவதற்குள்.

ஐம்பத்தெட்டுப் படிகள். காலையிலிருந்து ஏழாவது தடவை.

படிக்கட்டுக்கு அடியில்தான் விளையாட்டு அறை. காற்றுப்போன பந்துகளுக்கு நடுவில் உட்கார்ந்து, விளையாட்டு டீச்சர் கணக்கு வினாத்தாள்களுக்கு ஸ்டேப்ளர் பின் அடித்துக்கொண்டிருந்தார். இந்த மூன்று மாதமாக அவருக்கு அதுதான் வேலை. பின் அடிப்பது, தாமதமாக வருகிறவர்களைக் கேட்டில் பிடிப்பது, வரிசையில் பேசுகிறவர்களை முறைப்பது.

“ரத்தமா? ஒரு முட்டிகூடத் தேயலையேக்கா,” என்றார். “கணக்கு டீச்சரைப் போய்க் கேளுங்க. என் பீரியடை எல்லாம் வாங்கிக்கிட்டுப் பிள்ளைங்க ரத்தத்தை உறிஞ்சுறது அவங்கதானே?”

சிரித்தேன். சிரித்த முகத்தோடு தாளை நீட்டியிருக்கக் கூடாது.

அவர் அதைச் சத்தமாகவே படித்தார். மைதானம் பயன்பாட்டில் இல்லாத காரணத்தால், விளையாட்டுப் பணியிலிருந்து நிரந்தரமாக அலுவலகப் பணிக்கு மாற முழு மனதுடன் சம்மதிக்கிறேன்.

“முழு மனசையும் அவங்களே டைப் அடிச்சிட்டாங்க.”

பேனாவைத் திறந்தார். தாளை முழங்கால் மேல் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பேனாவை மூடிவிட்டு என் கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டார்.

“அஞ்சு நிமிஷம் உட்காருங்கக்கா. இதையாவது ஒழுங்காக் குடுத்துட்டுப் போறேன்.”

செருப்பைக் கழற்றிவிட்டு வெயிலில் இறங்கினார்.

மைதானத்தின் எதிர்ப்பக்க வளைவில் சரளைக்கல் கிடக்கும். எந்த வகுப்பு ஓடினாலும் அங்கே யாராவது விழுவார்கள். மனையியல் டீச்சர் அதை ரத்த வங்கி என்பார்.

விளையாட்டு டீச்சர் துப்பட்டாவைக் குறுக்கே இழுத்துக் கட்டினார். அழிந்துபோன சுண்ணாம்புக் கோட்டைக் காலால் தடவிக் கண்டுபிடித்து நின்றார். ஓட ஆரம்பித்தார்.

விழப் போகிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஐம்பதைத் தாண்டிய உடம்பு. கூப்பிட்டுப் பார்த்தேன், என் குரல் எந்தக் காலத்தில் அவ்வளவு தூரம் போயிருக்கிறது? முதலுதவிப் பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பஞ்சைப் பிய்த்தேன்.

வளைவு வந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவர் வளைவைத் தாண்டியிருந்தார்.

சரி, அடுத்த சுற்றில்.

அடுத்த சுற்றில் கால் சறுக்கியது நன்றாகவே தெரிந்தது. கற்கள் தெறித்தன. உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து, கைகள் காற்றைத் துழாவி, எப்படியோ நிமிர்ந்து, ஓடிக்கொண்டே இருந்தார்.

மாடியில் கணக்கு டீச்சரின் குரல் பாதியில் நின்றது. ஜன்னல் கம்பிகளுக்குப் பின்னால் தலைகள் முளைத்தன. யாரோ ஒருத்தி கை தட்டி, உடனே நிறுத்திக்கொண்டாள்.

மூன்றாவது சுற்றில் வேகம் கூடியிருந்தது.

திரும்பி வந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கணுக்கால் வரை புழுதி. மூச்சு இரைத்தது. துணியை நீட்டினார். வியர்வையில் ஈரமாக இருந்தது; வெள்ளையாகவே இருந்தது.

“மன்னிச்சுக்குங்கக்கா. விழத்தான் போனேன். ஒவ்வொரு தடவையும் கால் தானா சுதாரிச்சுக்குது.”

“பரவால்ல டீச்சர்,” என்றேன், விழுந்தவரைத் தேற்றுவது போல.

ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்து முடித்தார்.

“இப்ப யாருக்கு விளையாட்டுப் பீரியட்?”

மூன்று மாதத்தில் அவருக்கே மறந்துபோயிருந்தது. மணி அடிப்பவள் நான்; எனக்கு மறக்காது.

“எட்டாவது பி. இப்பத்தான் ஆரம்பிச்சுது.”

செருப்பைத் தேடவில்லை. வெறுங்காலோடு படியேறினார். தாள், கையெழுத்து இல்லாமல், வினாத்தாள்களின் மேல் மல்லாந்து கிடந்தது.

மேலே கதவு தட்டும் சத்தம். இரண்டு டீச்சர்களும் ஏதோ பேசினார்கள். ஒரு குரல் உயர்ந்தது. பிறகு நாற்பது பிள்ளைகள் ஒன்றாகப் படியிறங்கும் சத்தம்.

துணியைக் குழாயில் அலசி, உதறி, வெயிலில் போட்டேன்.

ஒருத்தியாவது விழுவாள்.