இன்னும் கொஞ்சம்

ஆவடி வீட்டு டிரெட்மில் இப்போதெல்லாம் சுசீலாவுக்குத் துணி காயப்போடத்தான் உதவியது. வானகரத்திலிருக்கும் மகள் அதை எடுத்துப்போவதாகச் சொன்னாள். அதைச் சரிபார்க்க சுசீலா மெக்கானிக் கோகுல்நாத்தை வரவழைத்திருந்தாள்.

அவன் துணிகளை ஒதுக்கிவிட்டுக் குனிந்து பார்த்தான்.

"பெல்ட் எடது பக்கமா போய்க்கினே கீது ஆன்ட்டி. நடக்கறவருக்கு எடது கால் இழுக்குமா?"

"இழுக்கும். அவர் போயி ஒரு வருஷம் ஆச்சுப்பா."

"பெல்ட் தேஞ்ச ரப்பர் தூளு புதுசா கீதே, நேத்து ஓடுனாமாரி" என்றான். பின்பக்கத்து போல்ட்டைத் திருகி பெல்ட்டை நடுவில் நிறுத்தினான். எண்ணெய் விட்டு, ஓடவிட்டுக் காட்டிவிட்டுப் போனான். சுசீலா பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மறுபடியும் துணியைக் காயப்போட்டாள்.

பக்கவாதம் வந்தபின் கணவர் கலியமூர்த்தியை தினமும் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். வலது கையால் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, இடது காலை இழுத்து இழுத்து நடப்பார். பாதியிலேயே, "போதுமா சுசீ?" என்பார்.

"இன்னும் கொஞ்சம்" என்பாள், அடுப்படியில் இருந்தபடியே. கடைசி நாளும் அதைத்தான் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து மெஷின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் துணி எடுக்கப் போனாள். பிளக் தரையில் கிடந்தது. பெல்ட் இடது ஓரத்தை முட்டிக்கொண்டு நின்றது.

"போதுங்க" என்றாள். "இறங்கிடுங்க."

துணியெல்லாம் மொடமொடவென்று காய்ந்திருந்தது. வலது கைப்பிடியில் மட்டும் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம்.