கணவன் சம்மதம்

கரிகாலன் மறுபேச்சில்லாமல் பேனாவைக் கையில் எடுத்தான்.

தர்மிளா அதை நம்பவில்லை. எச்சில் கையால் காகம் விரட்டாத மனிதன். சோழியன் குடுமி சும்மா ஆடாது என்று காலையிலிருந்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டுதான் வந்திருந்தாள். நேரே வரவேண்டிய கடைக்கு இரண்டு மெட்ரோ மாறிச் சுற்றி வந்திருந்தாள்.

ரூ லூயி-பிளாங் தெருவில் அன்ரனின் கடை. முன்பக்கம் போன் வியாபாரம். பின்பக்கம் ஒரு மேசை, மூன்று கதிரை. காணி உறுதி எழுதுகிற யாழ்ப்பாணத்து நொத்தாரிசுமார் கேட்கிற கடதாசிகளை அன்ரன் அந்த மேசையில் வைத்துத்தான் எழுதிக் கொடுப்பார். வாசலைப் பார்த்திருந்த கதிரையில் தர்மிளா முதலே உட்கார்ந்துவிட்டாள்.

கொக்குவில் வீடு அவளுடைய சீதனம். கல்யாணத்துக்கு முதல் நாள் தாய் அவள் பெயருக்கு எழுதியது. இப்போது அதில் தங்கை யசோதினி இருக்கிறாள், புருஷன் இல்லாமல், இரண்டு பிள்ளைகளோடு.

போன மாதம் கரிகாலனின் தமையன் வந்து, தம்பியின் வீடுதானே என்று வளவுக்குள் வேலிக் கதியால் நட்டுவிட்டுப் போயிருக்கிறான். வீட்டைத் தங்கைக்கு எழுதிவிட்டால் அவளை யாரும் அசைக்க முடியாது.

எழுதத்தான் தர்மிளாவால் முடியாது. பிரான்ஸ் நீதிமன்றம் அவளையும் கரிகாலனையும் பிரித்து நாலு வருடம். ஆனால் ஊரில் பதிந்த கல்யாணம் ஊரில் வெட்டப்படவில்லை. தேசவழமைச் சட்டப்படி, பெண்சாதி தன் சொந்த வீட்டைக் கொடுப்பதற்கும் புருஷன் எழுத்தில் சம்மதிக்க வேண்டும்.

“டச்சுக்காரன் எழுதிவைச்ச சட்டம், அண்ணை,” என்றார் அன்ரன், கரிகாலனைக் குஷிப்படுத்துகிற குரலில். “அதிலை அடிமையளைப் பற்றியும் ஒரு பகுதி இருந்தது. அது எப்பவோ செத்துப்போச்சு. மனுசிமாற்றை பகுதி மட்டும் இன்னும் உயிரோடை கிடக்கு.”

கரிகாலன் சிரித்தான். தர்மிளாவும் உதட்டை அசைத்து வைத்தாள்.

அன்ரன் காரியத்தில் கெட்டிக்காரர். ஊர் உறுதி எப்படித் தொடங்குமோ அப்படியே தொடங்கி, ஒரு எழுத்துப் பிசகாமல் முடிப்பார். காலையில் அவர் கேட்க முதலே தர்மிளா தன் அடையாள அட்டையையும் கரண்ட் பில்லையும் நீட்டியிருந்தாள். இந்த நாட்டில் எந்தக் கடதாசிக்கும் இரண்டையும்தான் கேட்பார்கள், கை பழகிவிட்டது.

எழுதி முடித்ததை மூன்று தரம் வாசித்துப் பார்த்தாள். கிழக்கே ஒழுங்கை. வடக்கே சின்னத்துரை வளவு. கிணற்றில் அரைப்பங்கு, வழிவாய்க்கால் உரிமை. தங்கையின் பெயர். எல்லாம் சரி.

இப்போது கரிகாலன் வாசித்தான். தேய்த்த சேர்ட், வாரிய தலை. வரும்போது அவளுக்கும் சேர்த்துத் தேத்தண்ணி வாங்கி வந்திருந்தான். மாலை மாற்றிய அன்றுகூட இவ்வளவு பணிவாக இருந்ததில்லை.

கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, உதடு அசைய, மேலே இருந்து மெதுவாக வாசித்தான். கிணற்றுப் பங்கில் ஏதாவது சொல்லப்போகிறான் என்று அவள் காத்திருந்தாள். கிணறுவரை அவன் கண் வரவேயில்லை.

இரண்டு பிரதியிலும் கையெழுத்து வைத்தான். திகதியும் போட்டான்.

இவ்வளவுதானா என்று இருந்தது அவளுக்கு. சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. பல்லுக்கு ஊசி போட்ட கன்னம் மாதிரி உள்ளே எதுவும் தட்டுப்படவில்லை.

கரிகாலன் ஒரு பிரதியை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். கதிரையை மேசைக்குள் தள்ளிவிட்டு, அக்கறையோடு கேட்டான்.

“நாலாம் மாடி எண்டு கிடக்கு. லிஃப்ட் வேலை செய்யுதோ?”

அவள் பதில் சொல்லுமுன் அவன் வாசலைத் தாண்டிவிட்டான்.

“பிரிஞ்சாலும் அண்ணைக்குப் பாசம் விட்டுப்போகேல்லை,” என்றார் அன்ரன். அவருக்கு உண்மையாகவே மனம் இளகியிருந்தது.

தர்மிளா மற்றப் பிரதியைத் தன் பக்கம் திருப்பினாள். ஊர் உறுதிகள் எல்லாம் தொடங்குகிற முதல் வரி. ‘பியர்ஃபித்-சூர்-செய்னில், இருபத்தேழாம் இலக்கக் கட்டடம், நாலாம் மாடி, இடதுபக்கக் கதவில் வதியும் தர்மிளா ஆகிய நான்.’

மூன்று தரமும் அவள் இரண்டாம் வரியிலிருந்துதான் வாசித்திருந்தாள். தன்னைப் பற்றி எழுதியிருப்பதில் பார்க்க என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

ஆறு வருடம். உடைந்த காறை எலும்பைத் துவாயால் கட்டிக்கொண்டு, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியேறிய நாளிலிருந்து அந்தக் கதவிலக்கத்தை அவள் ஊராருக்குச் சொன்னதில்லை. யசோதினிக்கும் சொன்னதில்லை. விவாகரத்துத் தீர்ப்பில்கூட அவள் முகவரிக்குப் பதிலாக வக்கீலின் முகவரியைத்தான் போட்டார்கள்.

அவனுக்குத் தேவையானது ஒன்றுதான். அதைத் தன் செலவில் தட்டச்சு செய்வித்துக் கொடுத்திருக்கிறாள்.

“தங்கச்சிக்கு இனி ஒரு பயமும் இல்லை, அக்கா,” என்று அன்ரன் கடதாசியை உறையில் போட்டு ஒட்டினார்.

“ஓம்,” என்றாள்.

சுவர்க் கடிகாரத்தில் நாலு மணியாக ஐந்து நிமிடம். மகளுக்கு நாலரைக்குப் பள்ளிக்கூடம் விடும். அவளிடம் வீட்டுத் திறப்பு இருக்கிறது, தானே கதவைத் திறந்துகொண்டு போய்விடுவாள்.

தர்மிளா போனை எடுத்து, மகளுக்கு விளங்குகிற பிரெஞ்சில் எழுதினாள். வீட்டுக்குப் போகாதே. அங்கேயே நில்.

அனுப்பிவிட்டு, அவன் வாங்கி வந்த தேத்தண்ணியை, ஆறிப்போயிருந்ததை, ஏனென்று தெரியாமல் முழுவதும் குடித்தாள்.