கூடையில் ஆள்

"ஆளை எடுத்துடணுங்க," என்றார் காசிநாதன்.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடி, அவர் டிராயிங் போட்டுக் கொடுக்கும் அறை. பலகையில் பென்சில் படம் ஒன்று விரிந்து கிடந்தது. கிணறு வெட்டும் கிரேன். இறக்கும்போது கைப்பிடி நழுவினால் கயிறு சுற்றிய உருளையைக் கவ்வி நிறுத்த ஒரு கொக்கி. கீழே தொங்கும் இரும்புக் கூடைக்குள் நின்றபடி ஒரு ஆள்.

கொக்கியைக் கண்டுபிடித்த அரும்பாவூர் செல்லக்கண்ணு எதிரே நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

பேடண்ட் ஆபீஸுக்குக் கறுப்பு மை மட்டும்தான். வண்ணம் கூடாது, அளவு கூடாது, விளக்கம் கூடாது. பாகத்துக்கு நம்பர், இடது மேல்மூலையில் பெயர், வலது கீழ்மூலையில் கையெழுத்து. சம்பந்தி வீட்டார்கூட இத்தனை நொட்டை சொல்ல மாட்டார்கள்.

பென்சிலில் போட்டதற்காக ஏற்கெனவே ஒருமுறை மெட்ராஸிலிருந்து திரும்பி வந்த படம். மறுபடி திரும்பினால், இதே கொக்கியைச் செய்து பார்க்கும் திருச்சிப் பட்டறைக்காரன் பதிவதில் முந்திக்கொள்வான்.

செல்லக்கண்ணு எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஆள் விஷயத்தில் மட்டும் தலை ஆடவில்லை.

"அது என் மருமவன் சார். கிரேனை நான் போட்டேன். அவன மட்டும் என் மவ வரைஞ்சுது."

சொல்லாமலே தெரிந்தது. கிரேன் கோணலாக நின்றது. ஆளுக்கோ மீசை நுனிகூட முறுக்கோடு இருந்தது.

"மருமவனுக்கு வெளம்பரம் வேணும்னா டாக்கீஸ்ல சிலைடு போடுங்க. மனுசன் மெஷினோட பாகம் இல்லீங்களே."

பேரம் தொடங்கியது. முழு ஆள் வேண்டாம், இடுப்புக்கு மேலே போதும். அதுவும் ஆகாதா? தலைப்பாகை மட்டும். கடைசியில், கூடை விளிம்பைப் பிடித்திருக்கும் விரல்கள்.

ஜவுளிக்கடையில் வளர்ந்தவர் காசிநாதன். இறங்கி வருகிறவரிடம் இளகக் கூடாது என்று தெரியும். விரலும் கூடாது என்றார்.

"மை போட்ட படத்தக் காட்டச் சொல்லும் சார் என் மவ. வூட்டுல காத்துக்கிட்டு இருக்கு."

காசிநாதன் பேனாவை மையில் தொட்டு, முதலில் கூடையை வரைந்தார். காலியாக.

பிறகு உருளை. பிறகு கொக்கி. பென்சில் படத்தில் கொக்கிக்கு இரண்டு பல். ஒரு பல்லை அழித்துவிட்டு, அதே இடத்தில் இரண்டாகப் போட்டிருந்த தடம் தாளில் தெரிந்தது.

"மொதல்ல ஒத்தப் பல்லுதானா?" என்றார், நிமிராமல்.

கீழே அரும்பாவூர் பஸ் ஹாரன் அடித்துக் கிளம்பியது. செல்லக்கண்ணு அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஒத்தப் பல்ல நம்பித்தான் சார் அவன எறக்கினேன்."