எடைக்கு உட்கார்ந்தவர்

ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கை ஓரத்தில், காரின் முன்பக்கம் மறுபுறத்தைவிட ஆறு மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது.

மகள் டேப்பை இன்னொரு முறை பிடித்தாள். சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை. அந்தப் பக்கம் போய் அளந்துவிட்டு வந்தாள். வித்தியாசம் அதே ஆறு.

"இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்றார் அப்பா. "நான் ஓட்டின பஸ்சு ஒரு ஜாண் சாஞ்சேதான் போகும். ஒருத்தரும் விழல."

"அது பஸ்சுப்பா. இது நாளைக்கு என் கல்யாணத்துக்குப் போற வண்டி."

வீட்டு வாசலில், சிமெண்டுத் தளத்தில், கார் தரையோடு தரையாக நின்றது. மூன்று வருடங்களுக்கு முன் அவளே ஸ்பிரிங்குகளை மாற்றித் தாழ்த்தியது. அன்றைக்கு அப்பா ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார், தரையில உட்கார்றதுக்குக் கார் எதுக்கு, பாய் போதுமே. என் கால் இதுல படாது.

படவில்லை.

காலமெல்லாம் டவுன் பஸ் ஓட்டியவர். ஊரையே மேலிருந்து பார்த்துப் பழகியவர். மகளின் காரையும் அப்படித்தான் பார்த்தார்.

நாளைக் காலை பதிவு அலுவலகம். மணப்பெண்ணேதான் ஓட்டிப் போகிறாள். பக்கத்து இருக்கை அப்பாவுக்கு என்று அவள் எப்போதோ முடிவு செய்துவிட்டாள். அப்பாவோ பஸ்சில் வந்துவிடுகிறேன் என்கிறார்.

கெஞ்சிப் பார்த்தாள். கோபித்துப் பார்த்தாள். ஒரு வேளை சாப்பிடாமலும் இருந்து பார்த்தாள். அந்த வேளைக்கான பங்கையும் அப்பாவே சாப்பிட்டார்.

இப்போது அவள் பழைய பேட்டரியையும் இரண்டு டயர்களையும் தூக்கி வந்து ஓட்டுநர் இருக்கையில் ஏற்றினாள்.

"இது யாரு?"

"நான்தான். ஆள் உட்கார்ந்தாத்தான் உயரம் சரியாத் தெரியும்."

அப்பா கண்ணாடி வழியாகப் பார்த்தார். "பரவாயில்ல. மூக்கும் முழியுமா இருக்க."

"பக்கத்து சீட்டுக்கும் எடை வேணும்ப்பா."

"உங்கம்மாவை உட்கார வை."

வாசற்படியில் துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா தலையை நிமிர்த்தவில்லை. "எனக்கு முட்டி மடங்காது."

"தண்ணிக் குடம்?"

"சிந்தும்."

"செங்கல்?"

"சீட்டு கிழியும்."

அப்பா வானத்தைப் பார்த்தார். எடைக்கு அங்கேயும் ஒன்றும் கிடைக்கவில்லை.

"சரி. ஆனா ஒண்ணு. நான் கார்ல ஏறல. எடைக்கு உட்கார்றேன். அவ்வளவுதான்."

"எடைக்குத்தாம்ப்பா."

முதலில் காலை விட்டார். தலை இடித்தது. வெளியே வந்து, பிறகு இடுப்பை விட்டார். கடைசியில் தொப்பென்று உட்கார்ந்து, பல் பிடுங்க வந்தவர் மாதிரி நேராகப் பார்த்தார்.

மகள் அளந்தாள். ஆறு.

அவரை இறங்கச் சொல்லிவிட்டு ஜாக்கி வைத்தாள். சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு, ஸ்பிரிங்கைத் தாங்கும் வளையத்தை ஸ்பேனரால் ஒரு சுற்று மேலே ஏற்றினாள். காரைத் தரையில் இறக்கினாள்.

"உட்காருங்கப்பா."

ஜாக்கியிலிருந்து இறக்கிய கார் உடனே தன் உயரத்துக்கு வராது. முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்ட வேண்டும். சொல்லாமலே அப்பா எட்டி ஹேண்ட்பிரேக்கை விடுவித்தார். அம்மா துணியை வைத்துவிட்டு வந்து பின்னாலிருந்து தள்ளினாள்.

"கல்யாணமான நாள்லேருந்து இவரைத் தள்ளிக்கிட்டுத்தான் இருக்கேன்."

நாலு மில்லிமீட்டர்.

மறுபடி இறங்கினார். மறுபடி ஒரு சுற்று. மறுபடி உட்கார்ந்தார். இம்முறை இருக்கையைத் தானாகவே பின்னுக்குத் தள்ளிக்கொண்டார். முன்னாலிருந்த தூசியை வேட்டி நுனியால் துடைத்தார்.

ரெண்டு.

மூன்றாவது சுற்றும் ஏற்றிய பிறகு உட்கார்ந்தபோது தலை இடிக்கவில்லை. ஓட்டுநர் இருக்கையில் இருந்த டயரைத் திரும்பிப் பார்த்து, "கியரைப் பார்த்துப் போடும்மா" என்றார்.

அம்மா சிரித்துக்கொண்டே தள்ளியதில் கார் கோணலாக ஓடி நின்றது. அதை நேராக்கி நிறுத்தி, மகள் மண்டியிட்டு அளந்தாள். எழுந்து அந்தப் பக்கம் போய் அளந்தாள். நம்பிக்கை இல்லாதவள் போல இன்னொரு முறையும் அளந்தாள்.

இரண்டு பக்கமும் ஒரே உயரம்.

"சரியாயிடுச்சுப்பா. இறங்கலாம்."

அவர் இறங்கவில்லை. தோளுக்கு மேல் கையை விட்டு சீட் பெல்ட்டை இழுத்தார். அதன் நாக்கைச் செருகும் இடத்தைத் தேடிப் பிடித்து, 'டக்'கென்று மாட்டினார்.

"சரியாகாம என்ன? நேத்து வரைக்கும் சரியாத்தானே இருந்துச்சு."

மகளின் கையிலிருந்த டேப் சர்ரென்று உள்ளே சுருண்டுகொண்டது.

"காலையில நீ அந்த வளையத்தை மூணு சுத்து கீழ இறக்கினப்போ, மாடியில நான்தான் பல் தேய்ச்சுக்கிட்டு நின்னேன்."

அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஒரு சுத்து இறக்கியிருந்தா போதாதா? மூணு தடவை ஏறி இறங்கி என் இடுப்பு போச்சு."